நான் பார்த்ததை பிஸ்வாஸ் சொன்னார்

போர்ட் பிளேர் பத்துபஸ்தியில் எங்கள் வரிசையில் நாலாவது வீட்டுப் பெண் பிரியா. போலீஸ் வேலைக்கு ஓட்டம், தாண்டுதல், எழுத்து எல்லாவற்றிலும் தேறிவிட்டாள். போன மாதம் ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டுக் கேட்டுக்கு வெளியில் வந்து நின்றாள். உள்ளே வா என்றேன். வரவில்லை. தலைக்கு மேல் விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டாள்.

"அங்கிள், காலேஜ்ல ஒரு ஸ்ட்ரைக் நடந்தப்ப என் பேரையும் சேர்த்து கேஸ் போட்டாங்க. ஃபைன் கட்டி முடிஞ்சு போச்சு. ஃபார்ம்ல எழுதணுமா? அப்பா வேண்டாங்கறார். அம்மா எழுதுங்கறாங்க. நீங்க போலீஸ்ல இருந்தவர், நீங்க சொன்னா அப்பா கேப்பார்."

"எழுதும்மா. மறைச்சு மாட்டினா வேலையும் போகும், மானமும் போகும்."

"எழுதினா?"

"இப்பல்லாம் சின்ன கேஸுன்னா பாத்துட்டு விட்டுடறாங்களாம். வேலை கிடைக்கும்."

அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. என் சுபாவம் அப்படி. வாசல் பூட்டைப் பூட்டிவிட்டு நாலு அடி போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பவன். வேலை கிடைத்த பிறகு என்ன ஆகும் என்று அந்தப் பெண் கேட்கவில்லையே, கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்று புரண்டு புரண்டு படுத்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுதிப் பழக்கமில்லை. இருந்தாலும் அந்தக் கேள்விக்கு என்னிடம்தான் பதில் இருக்கிறது என்பதால் எழுத உட்கார்ந்தேன்.

நான் வளர்ந்தது அந்தமானில், பாராடாங் தீவில். அப்பா சுப்பையா சிவகங்கைப் பக்கத்திலிருந்து காட்டு இலாகா வேலைக்கு வந்தவர். மரம் இழுக்கும் யானைகளுக்குத் தழை வெட்டிப் போடுவார். எங்களுடையது பலகை வீடு. சமையல் பண்ணுகிற இடத்துக்காவது சிமெண்டுத் தரை வேண்டும் என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். சிமெண்டு கப்பலில் வந்துவிடும். மணலுக்கு எங்கே போவது? கடற்கரையில் அள்ளக்கூடாது என்று சட்டம். அள்ளாமல் கட்டிய வீடு எங்கள் பஸ்தியில் ஒன்றுகூடக் கிடையாது.

மீசை அரும்பிய வயதில் ஒருநாள் நானும் கூட்டாளிகளும் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தோம். போலீஸ் ஜீப் சத்தம் கேட்டதும் மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். நான் சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டு நின்றேன். அப்படியே விட்டால் கொட்டிவிடுமே என்று கவலை. பிடித்துக்கொண்டு போனார்கள்.

கோர்ட்டு போர்ட் பிளேரில். அப்போது எங்கள் தீவிலிருந்து அங்கே போக ரோடு கிடையாது, போட்டுதான். அதுவும் தினம் கிடையாது. கோர்ட்டு வராந்தாவில் ஒரு தெலுங்குக்காரக் குமாஸ்தா அப்பாவிடம் விளக்கினார்.

"கேஸ் நடத்தினீங்கன்னா தேதி குடுப்பாங்க. ஒவ்வொரு தேதிக்கும் போட்ல வரணும், தங்கணும், போகணும். பையன் ஒத்துக்கிட்டான்னா இன்னைக்கே ஃபைன். இன்னைக்கே போட்."

அப்பாவின் கண் போட்டு வந்து நிற்கும் ஜெட்டியின் திசையிலேயே இருந்தது. "ஒத்துக்கடா மாரி. போட்டு போயிரும்."

"நான் ஒரு சாக்குத்தானேப்பா..."

"ஒரு சாக்கோ ஒம்பது சாக்கோ. போட்டு போயிரும்டா."

ஒத்துக்கொண்டேன். எங்கள் தீவுகளில் இப்படி ஒத்துக்கொண்டவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். செய்தோமா இல்லையா என்று யோசிப்பதற்குள் போட்டுக்கு நேரமாகிவிடும். அப்பாவுக்கும் எனக்கும் அது ஒரு அபராதம், அவ்வளவுதான். அதன் பேர் திருட்டு, நான் வாங்கியது தண்டனை என்பதெல்லாம் பிற்பாடுதான் தெரிந்தது.

போலீஸ் போட்டில் கலாசியாகச் சேர்ந்தேன். கயிறு கட்டுவது, டெக் கழுவுவது, டீசல் ஊற்றுவது. சில வருடம் கழித்து கான்ஸ்டபிளுக்கு ஆள் எடுத்தார்கள். எழுதிப் போட்டேன். வழக்கு உண்டா என்று கேட்டிருந்த இடத்தில் உண்டு என்று எழுதினேன். யோக்கியன் என்பதற்காக இல்லை, பயம். எழுதாமல் விட்டிருந்தால் ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு கதவு தட்டலுக்கும் செத்துச் செத்துப் பிழைத்திருப்பேன்.

பெரிய அதிகாரி கூப்பிட்டனுப்பினார். படித்துவிட்டு, "மணலா?" என்று கேட்டுச் சிரித்தார். அற்ப விஷயம், பொறுத்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து அம்மாவுக்கு ஜிலேபி வாங்கினேன். பொறுத்துக்கொள்ளலாம் என்றுதான் எழுதினார்கள். துடைத்துவிட்டோம் என்று எழுதவில்லை. ஜிலேபி வாங்குகிறவனுக்கு அந்த வித்தியாசம் எங்கே தெரியும். பயிற்சி பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஓடினோம், வெயிலில் நின்றோம், துப்பாக்கி துடைத்தோம்.

வேலை என்றால் என்ன என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் திவாரி சாப். எங்கள் ஸ்டேஷன் சப்-இன்ஸ்பெக்டர். அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. எல்லோரையும் கூடப்பிறந்தவனைப் போல 'பாயி' என்பார், கைதியையும் சேர்த்து. ஒரு வீட்டைச் சோதனை போடப் போனால் முதலில் வீட்டுக்காரனிடம், "எங்களைச் சோதனை போட்டுக்கோ பாயி" என்று கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார். நாங்களும் கால்சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டுவோம். நாங்களே கொண்டுபோய் வைத்து எடுத்தோம் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது. கிடைத்த பொருளைத் துணியில் சுற்றி, ஊசி நூலால் தைத்து, முடிச்சின் மேல் அரக்கை உருக்கி விட்டு, பித்தளை முத்திரையை அழுத்துவார். அழுத்திய கையோடு முத்திரையை வெளியாள் சாட்சியிடம் கொடுத்துவிடுவார். அது நம்மிடம் இருந்தால் பிரித்து மறுபடி ஒட்டினோம் என்பார்களாம். தையல் என் வேலை. இழுத்துப் பார்த்து, இன்னொரு தரம் இழுத்துப் பார்த்துத் தைப்பேன். "மாரி தெச்ச மூட்டையை மாரியாலயே பிரிக்க முடியாது" என்று சிரிப்பார்.

எல்லாம் எழுதி முடிந்ததும் சாப் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். பிறகு எதிராளி வக்கீலைப் போலக் குரலை மாற்றிக்கொண்டு எங்களையே கேள்வி கேட்பார். தடுமாறினால் அந்த இடத்தை மறுபடி எழுதுவார். அவர் எழுதிய கேஸ் கோர்ட்டில் நிற்கும் என்று எல்லோரும் சொல்வார்கள்.

நிற்காமல் போன முதல் கேஸ் என்னால்தான். புள்ளிமான் கேஸ். தோல், கொம்பு எல்லாம் நான் கண்டுபிடித்தது, நான் தைத்தது. சாட்சியாக என் பேரும் இருந்தது. கூண்டில் ஏறினேன். வக்கீல் ஹிந்தியில் கேட்டார். நான் தமிழில் எழுதுகிறேன்.

"திருடினா பிடிக்கறது உங்க வேலை, இல்லையா?"

"ஆமா சார்."

"உங்களை யாராவது பிடிச்சிருக்காங்களா?"

எனக்கு உடனே விளங்கிவிட்டது.  சுவரில் தொங்கிய கடிகாரத்தைப் பார்த்தேன்.

"சொல்லுங்க. கடற்கரையில திருடினதுக்கு நீங்க தண்டனை வாங்கினதுண்டா?"

"மணல் சார்."

"மணலோ மாணிக்கமோ. உண்டா இல்லையா?"

"உண்டு."

யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். மான் வைத்திருந்தவனும் சிரித்தான். அவன் வெளியே போய்விட்டான்.

 ஸ்டேஷனுக்கு வந்து சாப் கண்ணாடியைத் துடைத்துவிட்டுச் சொன்னார். "கோபம் இல்ல மாரி. ஆனா இனிமே உன் பேர் காகிதத்துல வராது. நீ வேலையைப் பாரு. பேரு வேற ஆளுக்குப் போகட்டும்."

அன்றிலிருந்து அப்படித்தான். கள்ள மரம் புதைத்த இடத்தை நான் காட்டுவேன், சாட்சி பிஸ்வாஸ். ஓடுகிறவனைச் சேற்றில் விழுந்து நான் பிடிப்பேன், பிடித்தவர் பிஸ்வாஸ். பிஸ்வாஸ் என் கூட்டாளி, எங்கள் தீவிலேயே குடியேறிய வங்காளக் குடும்பத்துக்காரர். அண்ணனை அவர்கள் தாதா என்பார்கள், நானும் அப்படியே கூப்பிடுவேன். கூச்ச சுபாவம். தனக்கு வெகுமதி அறிவித்த அன்று ஒரு கிலோ இறாலை என் வீட்டு வாசலில் வைத்துவிட்டு, கூப்பிடக் கூப்பிட நிற்காமல் போய்விட்டார். ஸ்டேஷனிலிருந்து புறப்படும்போது எழுதும் குறிப்பில் நான் வெறும் 'போட் ஆள்'. எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் மேலே மேலே போனார்கள். நான் ஹவில்தாராகத்தான் ஓய்வு பெற்றேன். வழியனுப்புகிற கூட்டத்தில் சொல்வதற்கு என் பேரில் ஒரு நல்ல கேஸ் தேடியிருக்கிறார்கள். கிடைக்கவில்லை. போட்டை நன்றாகப் பார்த்துக்கொண்டேன் என்று பேசினார்கள். கைதட்டினார்கள்.

அதைக்கூட விட்டுவிடலாம். விட முடியாதது முருகேசன் கேஸ்.

முருகேசன் எங்கள் பஸ்தியிலேயே நண்டு பிடிப்பவர். ஓடைகளில் அலையாத்தி வேருக்கடியில் கூடு போட்டு வைத்துவிட்டு, மறுநாள் போய்த் தூக்குவார். எல்லோரையும் கேலி பண்ணுகிற மனுஷன். அவர் மனைவி பாக்கியம். பாக்கியத்தின் பெரியப்பா மகன் தங்கராசு. அவனும் அதே ஓடையில் நண்டுக்குப் போவான். முருகேசனின் கூடுகள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. எடுப்பது யார் என்று பஸ்தியில் எல்லோருக்கும் தெரியும். சொந்தக்காரர்களுக்குள் இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

ஒருநாள் படாக் மரம் வெட்டுகிறார்கள் என்று தகவல் வந்து அந்த ஓடைக்குப் போனோம். சோதனைக்குப் போகிறவர்கள் பேரை எல்லாம் எழுத வேண்டும், என் பேரை எழுத முடியாது. அதனால் சாப், பிஸ்வாஸ் எல்லோரும் காட்டுக்குள் நடந்தார்கள். நாங்கள் துடுப்புப் போட்டு வந்த சின்னப் படகுக்கு, டிங்கிக்கு, நான் காவல். மரக்காரர்கள் கண்ணில் படாமல் இருக்க டிங்கியை வேர்களுக்குள் சொருகிக் கட்டிவிட்டு உட்கார்ந்திருந்தேன். நல்ல வெயில்.

முருகேசன் தன் டிங்கியில் வந்து கூடு தூக்கினார். வெறுங்கூடு. இன்னொன்றைத் தேடினார், கூடே இல்லை. அப்போது வளைவிலிருந்து தங்கராசு துடுப்புப் போட்டு வந்தான். அவன் டிங்கிக்குள் கூடுகள் கிடந்தன.

"ஏன்டா மாப்ள, இது என் கூடு மாதிரியே இருக்கே?"

"கூட்டுல உன் பேரா எழுதியிருக்கு?"

"இரு இரு, உங்க அக்காகிட்டச் சொல்லிக் குடுக்குறேன். வெளக்கமாத்த எடுத்துக்கிட்டு வருவா."

சொல்லிவிட்டு முருகேசன் சிரித்தார். சிரித்துக்கொண்டே குனிந்து அடுத்த கயிற்றைப் பிடித்தார். தங்கராசு எழுந்து நின்று துடுப்பைத் தூக்கி அவர் தலையில் இறக்கினான். ஒரே அடி. முருகேசன் பாதி டிங்கியிலும் பாதி தண்ணீரிலுமாகத் தொங்கினார். அவன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். தூக்கவில்லை. துடுப்பைத் தண்ணீரில் அலசிவிட்டு, வந்த வழியே போனான்.

எனக்குச் சத்தம் வரவில்லை. டிங்கியின் கயிற்றை அவிழ்க்க வேண்டும். என் முடிச்சு எப்போதும் மூன்று சுற்று. அவிழ்த்துப் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு மூச்சு இருந்தது, பேச்சு இல்லை. சாப்பையும் மற்றவர்களையும் கூவி அழைத்து ஏற்றிக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரி ஜெட்டியில் இறக்கும்போது மூச்சும் இல்லை. தங்கராசு வளைவைத் தாண்டிவிட்டதால் பார்த்தது யார் என்று அவனுக்குத் தெரியாது. காட்டில் படாக் எதுவும் கிடைக்காததால் அன்றைய சோதனைக்குக் காகிதமும் இன்னும் எழுதவில்லை.

ஸ்டேஷனில் சாப் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு என்னைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். அவர் ஒரு எழுத்துக்கூட எழுதவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்த வக்கீல் குரலில் கேட்டார்.

"திருட்டுக் கேஸ்ல நீங்க தண்டனை வாங்கினதுண்டா?"

"சாப், கேக்கட்டும் சாப். சிரிக்கட்டும். நான் பாத்தேன். நான் சொல்றேன்."

தன் குரலுக்கே வந்து சொன்னார். "அந்தப் பொம்பளையோட புருஷனை அடிச்சவன் வெளிய நடந்து போக உன் மணல் போதும் மாரி. வேர்ல தலை மோதி விழுந்தான்னு சொல்வாங்க. பாத்தது யாரு? ஒரு திருடன். முடிஞ்சது." பேனாவை எடுத்துக்கொண்டு, "டிங்கிக்குக் காவல் இருந்தது பிஸ்வாஸ்" என்றார்.

இந்த இடத்தில் அவரைக் கெட்டவர் என்று எழுதிவிட்டால் எனக்கு லேசாக இருக்கும். எழுத முடியவில்லை. அவரும் தங்கராசு உள்ளே போக வேண்டும் என்றுதான் நினைத்தார். கோர்ட்டு எதை நம்பும், எதை நம்பாது என்று கணக்குப் போட்டார். அந்தக் கணக்கை அவருக்குக் காட்டிக்கொடுத்ததே என் மான் கேஸ்தான்.

நான் பார்த்ததை பிஸ்வாஸுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை எனக்கு. அவர் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து சொல்வேன். அவர் மனைவி மீன் வறுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பார். வெயில் எந்தப் பக்கம், முருகேசன் கட்டியிருந்த துண்டு என்ன நிறம், எந்தப் பக்கமாகக் குனிந்தார். சப்பாத்திக் கட்டையை அவர் கையில் கொடுத்து, "இப்படி இல்ல தாதா, ரெண்டு கையாலயும்" என்று தூக்கவைத்தேன். ஓடைக்கே கூட்டிக்கொண்டு போய், நான் கட்டிய வேரைக் காட்டினேன். அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்கு வங்காளம் தெரியாது. இருவருக்கும் பொது ஹிந்திதான். முருகேசன் பேசியதையும் தங்கராசு பேசியதையும் ஹிந்தியில் சொன்னேன். சாப்பும் ஹிந்தியில்தான் எழுதினார். இங்கே எல்லாம் அப்படித்தானே. தமிழன் சொல்வதை வங்காளி ஹிந்தியில் கேட்பான். கேட்டது எந்த மொழி என்று யாருக்கு நினைவிருக்கும். எங்களில் ஒருத்தருக்கும் அது உறைக்கவில்லை.

ஒருநாள் பிஸ்வாஸ் கட்டையைக் கீழே வைத்துவிட்டார். "மாரி பாயி, எல்லாம் மனப்பாடம் ஆயிடுச்சு. கண்ணை மூடினா அந்த அடி எனக்கே தெரியுது. ஆனா நான் பாக்கலையே."

"நான் பாத்தேன் தாதா. அது போதும்."

"சத்தியம் பண்ணப் போறது நானாச்சே."

வழக்கு நெடுநாள் கழித்து விசாரணைக்கு வந்தது. நான் கைதியைக் கூட்டிக்கொண்டு வந்த காவலர்களில் ஒருவனாகக் கோர்ட்டுக்குள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பிஸ்வாஸ் நன்றாகச் சொன்னார். என்னைவிட நன்றாகச் சொன்னார். எதிராளி வக்கீல் என்னென்னவோ கேட்டும் அசையவில்லை. துண்டின் நிறம் கேட்டார், சொன்னார். வெயில் கேட்டார், சொன்னார்.  வக்கீல் உட்காரப் போனவர் திரும்பினார்.

"ரெண்டு பேரும் பேசிக்கிட்டதைக் கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"எந்த மொழியில?"

பிஸ்வாஸ் யோசிக்கவே இல்லை. "ஹிந்தியில."

"உங்களுக்குத் தமிழ் தெரியுமா?"

"தெரியாது சார்."

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். அவர்கள் பேசியது தமிழ் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அடுத்து பாக்கியம் அக்கா. வெளியே காத்திருந்ததால் பிஸ்வாஸ் சொன்னது எதுவும் அவர் காதில் விழவில்லை. வக்கீல் மொழிபெயர்ப்பாளர் வழியாக மரியாதையாகக் கேட்டார். "உங்க அக்காகிட்டச் சொல்லிடுவேன்னு உங்க வீட்டுக்காரர் தங்கராசுகிட்ட ஹிந்தியில சொன்னாராம். வீட்ல அவங்க ரெண்டு பேரும் ஹிந்தி பேசிக்குவாங்களா?"

"இந்தியிலயா?" என்றார் அக்கா. அந்த நிலையிலும் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. "அவுக ரெண்டு பேரும் ஒரே ஊருப் பக்கம்யா. சண்ட போட்டாலும் தமிழு, சிரிச்சாலும் தமிழு. அவுக இந்தி பேசி நான் ஒருநாளும் கேட்டதில்ல."

சாப்பாட்டு இடைவேளையில் அரசாங்க வக்கீலைத் தேடி ஓடினேன். டீக்கடையில் நின்றுகொண்டிருந்தார்.

"சார், அவங்க தமிழ்லதான் பேசினாங்க. நான்தான் சார் பாத்தேன். டிங்கியில இருந்தது நான். என்னைக் கூப்பிடுங்க சார்."

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். "நீங்க யாரு?"

"மாரி சார். கான்ஸ்டபிள்."

"கேஸ் முழுக்க நான் படிச்சிருக்கேன். உங்க பேர் எந்தக் காகிதத்துலயும் இல்லையே?"

"எழுத மாட்டாங்க சார். என் மேல ஒரு பழைய கேஸ்..."

"இப்ப நீங்க கூண்டுல ஏறினா பிஸ்வாஸ் பொய் சாட்சி. சாப் பொய்க் கேஸ். நீங்க தண்டனை வாங்கின ஆள். மூணு பேரும் உள்ள போவீங்க, அவன் வெளிய போவான். பேசாம போய் உங்க இடத்துல உக்காருங்க."

போய் உட்கார்ந்தேன்.

தீர்ப்பில் சந்தேகத்தின் பலன் என்று தங்கராசுவை விட்டார்கள். பிஸ்வாஸ் அந்த இடத்தில் இருந்தாரா என்பதே நம்பும்படி இல்லை என்று அவர் பேரைப் போட்டு எழுதினார்கள். அதற்கப்புறம் அவருக்கு எந்த உயர்வும் வரவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை, பேசுவதையே நிறுத்திக்கொண்டார். திவாரி சாப் மாற்றல் வாங்கிக்கொண்டு மெயின்லேண்டுக்குப் போய்விட்டார். கேலி பண்ணி வாழ்ந்த மனுஷனை அடித்துக் கொன்றவன் பாராடாங்கில் பாக்கியம் அக்கா வீட்டுக்கு மூன்று வீடு தள்ளித் திரும்பக் குடிவந்துவிட்டான். என் பேர் மட்டும் அந்தத் தீர்ப்பில் எங்கும் இல்லை. சுத்தமாக இருந்தது.

தீர்ப்பு அன்றைக்கே எல்லோரும் ஊர் திரும்ப வேண்டும். அதற்குள் எங்களுக்கு ரோடு வந்திருந்தது. காட்டு வழியாக பஸ், பிறகு ஜலசந்தியைத் தாண்ட ஃபெர்ரி. வண்டி ஏற்றும் பெரிய ஃபெர்ரி அன்று ரிப்பேர். சின்னப் போட்டுக்காக ஜெட்டியில் காத்துக் கிடந்தோம். தங்கராசு சொந்தக்காரர்கள் நடுவில் நின்று பஜ்ஜி தின்றுகொண்டிருந்தான். பாக்கியம் அக்கா கோர்ட்டுக்குக் கொண்டுவந்த துணிப்பையோடு தனியாக நின்றார். அப்புறம் மெதுவாக என் பக்கம் வந்தார்.

"நீங்க காட்டிலாகா சுப்பையா மகன்தான?"

"ஆமாக்கா."

"அந்த வங்காளத்துக்காரரு பாக்கல."

நான் தங்கராசு நின்ற பக்கம் பார்த்தேன்.

"ஆனா யாரோ பாத்திருக்காக. 'அக்காகிட்டச் சொல்லிக் குடுக்குறேன்'னு அவுகதான் சொல்லுவாக. எந்தம்பிய அப்படித்தான் மெரட்டுவாக, சின்னதுலருந்து. வக்கீலு கேட்டப்பவே எனக்கு நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணுச்சு. ஆனா அவரு கேட்டது இந்தியிலயான்னுல்ல. இல்லன்னேன். நெசத்தத்தான தம்பி சொன்னேன்?"

"நெசந்தாங்கா."

"நீங்களா?"

தலையை ஆட்டினேன்.

"சொல்லுங்க."

சொன்னேன். வெறுங்கூட்டிலிருந்து ஆரம்பித்து, துடுப்பை அலசியது வரைக்கும். அத்தனை நாளில் அதைத் தமிழில் சொன்னது அதுதான் முதல் தடவை. வேகமாக வந்தது. அவர் நடுவில் ஒரே ஒரு தடவைதான் நிறுத்தினார்.

"சிரிச்சுக்கிட்டா இருந்தாக?"

"ஆமாக்கா. சிரிச்சுக்கிட்டேதான் குனிஞ்சாக."

முடிந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இத அங்க வந்து சொல்றதுக்கு என்ன?"

"சொல்ல விடலக்கா. என் மேல ஒரு கேஸ் இருக்கு. மணல் எடுத்த கேஸ்."

"மணலா?"

திரும்பி, போட்டுக்கு நின்றுகொண்டிருந்த வரிசையை முழுக்க ஒருமுறை பார்த்தார். அதில் நின்ற எங்கள் பஸ்திக்காரர்களில் மணல் அள்ளாதவர் யாருமில்லை. போட் வந்துவிட்டது.

பாராடாங் ஜெட்டியில் தண்ணீர் வற்றிக் கிடந்தது. போட் தாழ்ந்து, படி எட்டாத உயரத்தில் இருந்தது. அப்படி இருந்தால் காக்கிச் சட்டை போட்டவன் முதலில் தாவி மேலே நின்று ஒவ்வொருவராகக் கைகொடுத்துத் தூக்கிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். தாவி நின்றேன். கிழவிகள், பிள்ளை வைத்திருந்தவர்கள், மூட்டைக்காரர்கள் என்று தூக்கிவிட்டேன். தங்கராசு வந்தான். என் முகத்தைப் பார்க்காமல், பஜ்ஜி எண்ணெய் ஒட்டிய கையை நீட்டினான். பிடித்து இழுத்து மேலே விட்டேன். "தேங்க்ஸ்ணே" என்றான்.

அடுத்து பாக்கியம் அக்கா. அதே கையை நீட்டினேன். அக்கா அந்தக் கையைப் பார்த்தார். பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, பாசி பிடித்த பலகையை இரண்டு கையாலும் பற்றி, முட்டி சிராய்க்கத் தானாகவே ஏறிப் போனார்.